ஒரு சிட்டிகை மரியாதை

எங்கள் மீன்வளர்ப்புக் குழுவில் மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. கனடாவின் மொன்றியலில் கண்ணாடித் தொட்டி வைத்திருக்கும் தமிழர் முக்கால்வாசிப் பேர் அந்த இணையக் குழுவில்தான் கிடக்கிறோம். விடிந்தால் கும்பிடும் கை, பூப்படம். ஒருவர் பாசி பிடித்த தொட்டியைப் படம் எடுத்துப் போட்டாலும் "அருமை அண்ணை" என்று வரிசையில் நின்று எழுதுவார்கள். "இது தொட்டியோ குளமோ, கண்ணாடியைத் துடையுங்கோ" என்று எழுதியதற்காக அட்மின் என்னை எச்சரித்திருக்கிறார். நான் துறைமுகத்தில் லொறி ஓட்டுகிறவன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் என்னிடம் கேட்டவர்களின் மீன் பிழைத்தது.

போன மாரியில் குழுவில் இருந்த ஒரு அண்ணை காலமானார். ரொக்ஸ்பரோவில் வீடு. அவருடைய ஏஞ்சல் மீன்களைப் போல இந்த ஊரில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. செத்தவீடு முடிந்து சில நாளில் அவருடைய மனைவி, அவருடைய போனிலிருந்தே குழுவில் எழுதினார்: "இவரின்ர மீன் எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. கொஞ்சம் செத்தும் போச்சு. நான் என்ன செய்ய வேணும்? மிச்சத்தையாவது காப்பாத்த வேணும்."

பதிலுக்கு மெழுகுதிரிப் படங்கள் வந்தன. ஆழ்ந்த இரங்கல், ஆத்மா சாந்தியடையட்டும், அழுகிற முகம். எல்லாரும் வருடக்கணக்காக மீன் வளர்க்கிற பெருமக்கள். ஒருவராவது தண்ணீரைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. மீன் அப்படி வாய் பிளந்தால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று அர்த்தம். "சாப்பாடு போடுறதை இப்பவே நிப்பாட்டுங்கோ. தண்ணியில கால்வாசியை மாத்துங்கோ" என்று நான் எழுதினேன். அட்மின் அதை அழித்துவிட்டு எனக்குத் தனியே எழுதினார்: "துக்க நேரத்தில மீன் கதை அழகில்லை. பேந்து பாப்பம்." பேந்து, பிறகு என்று விட்டால் மீன் எங்கே இருக்கும்?

வேலை முடிந்ததும் நேரே ரொக்ஸ்பரோவுக்குப் போனேன். கதவைத் திறந்த அக்காவுக்கு என்னைத் தெரியாது. குழுவில் இருக்கிறவன் என்று சொன்னேன்.

"வாங்கோ தம்பி. நீங்களும் மீனுக்குப் போட வந்தனீங்களோ?"

எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் விவரம் சொன்னார். அனுதாபம் சொல்ல வருகிற குழுக்காரர் ஒவ்வொருவரும் அண்ணையின் நினைவாக மீனுக்கு ஒரு சிட்டிகை சாப்பாடு போட்டுவிட்டுப் போகிறார்களாம். அட்மின்தான் தொடக்கி வைத்தவராம். அவர் போட்டதைக் கண்டவர்களுக்குப் போடாமல் போக மனம் வரவில்லையாம்.

தொட்டியைப் பார்த்தேன். தண்ணீர் கஞ்சிபோலக் கலங்கி நாறியது. அடியில் சாப்பாடு அழுகிக் கிடந்தது. மிஞ்சியது நாலு மீன். சாப்பாடு கூடினால் மீன் சாகும் என்பது இந்தப் பொழுதுபோக்குக்கு வந்தவன் முதல் கிழமையிலேயே படிக்கிற பாடம். அதெல்லாம் தெரிந்தே, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு போட்டிருக்கிறார்கள். தூ, இதுவும் ஒரு பண்பா?

"உவை எல்லாரும் மீன் வளர்க்கிற ஆக்கள்தானே தம்பி? உவைக்குத் தெரியாதோ?"

"தெரியும் அக்கா."

"அப்ப ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"மற்றவை என்ன நினைப்பினமோ எண்டு."

அக்கா போய் வாளி எடுத்துவந்தார். நான் குழாயை வைத்து அடி அழுக்கை உறிஞ்சி எடுத்தேன். அவர் புதுத் தண்ணீருக்குள் குளோரின் எடுக்கிற மருந்தை விட்டுக் கலக்கினார். அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. பூங்கொத்தோடு மறுபடியும் அட்மின். அனுதாபம் சொல்லி, சப்பாத்தைக் கழற்றிவைத்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேரே தொட்டியடிக்குப் போய் மீன் சாப்பாட்டுப் பேணியை எடுத்தார். அக்கா ஈரக் கையை நீட்டி அதை அவரிடமிருந்து வாங்கினார்.

"கொஞ்சூண்டுதான் அக்கா. போடாமப் போனால் அண்ணைக்கு மரியாதை இல்லை."

"அவர் செத்துப்போனார் தம்பி," என்றார் அக்கா. "இதுகள் இன்னும் சாகேல்லை."