காய்ந்த துணியைக் காயப்போட்ட வாரம்

காலையில் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. இனிமேல் யாரும் பால்கனியில் துணி காயப்போடக் கூடாதாம். மெயின் ரோட்டிலிருந்து பார்த்தால் அசிங்கமாகத் தெரிகிறதாம். அதற்குக் கீழே கும்பிடு போடும் கை எமோஜிகள் வரிசையாக வந்து விழுந்தன. என் வீட்டுக்காரர் சோபாவில் உட்கார்ந்தபடி அதைப் படித்துவிட்டு, "நல்லதுதான்" என்றார். செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. அந்த நேரத்தில் அவர் ஏன் சோபாவில் இருந்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

துணிக்கொடியில் அப்படி என்ன அசிங்கம்? ஒரு காலத்தில் நாங்கள் காலையில் பேப்பர் படிக்கிற மாதிரி கொடியைப் படித்தவர்கள்.

கல்யாணமான புதிதில் நாங்கள் குடிவந்தது லட்சுமி நகருக்கு. படப்பை தாண்டி, ஒரகடம் போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்ப வேண்டும். நகர் என்று பெயர் வைத்தவர் பெரிய நம்பிக்கைக்காரர். பாதி மனையில் வீடு, மீதியில் எல்லைக்கல்லும் கருவேலமும். சென்னை எந்தப் பக்கம் என்று கேட்டால் எல்லோரும் சரியாகக் கை காட்டுவார்கள், போய்வந்தவர்கள்தான் குறைவு. நான் மட்டும் கோவில்பட்டிக்குப் போன் போட்டால் "மெட்ராஸ்ல இருக்கோம்" என்று கூசாமல் சொல்வேன்.

அந்தத் தெருவுக்கென்று ஒரு வாசனை இருந்தது. துணி சோப்பும் மெஷின் ஆயிலும் கலந்த வாசனை. முக்கால்வாசி ஆண்கள் ஒரே கார் கம்பெனிக்குத்தான் போனார்கள், என்னவரையும் சேர்த்து. சாம்பல் நிறச் சட்டை, தோளில் ஆரஞ்சுப் பட்டை. வீட்டுக்கு வீடு மொட்டை மாடியில் அது காயும். சாயங்காலம் காய்ந்தால் அந்த வீட்டு ஆள் முதல் ஷிஃப்ட் முடித்து வந்துவிட்டார். காலையில் காய்ந்தால் ஆள் உள்ளே தூங்குகிறார், வாசலில் நின்று கத்திப் பேசக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையும் ஈரம் சொட்டினால் ஓவர்டைம், எங்கள் பேச்சில் ஓ.டி. நான் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சோம்பலில், வாரத் துணியை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் துவைப்பேன். 'தெக்கத்திப் பொண்ணு வூட்டுக்காரு ஓயாம ஓ.டி. பாக்கறாரு' என்று தெருவில் பெயராகிவிட்டது. வந்த பெயரை எதற்குக் கெடுப்பானேன் என்று நானும் விட்டுவிட்டேன்.

இந்தப் படிப்பில் எங்கள் எல்லோருக்கும் மேல் நவநீதம் அம்மா. அந்த ஊர்க்காரர், தனியாக இருந்தார். அவர் வீட்டிலிருந்து யாரும் கம்பெனிக்குப் போகவில்லை. ஆனால் தெருவில் யார் என்ன ஷிஃப்ட் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. அவருக்கு எதிர் வீட்டில் தனசேகர், மனைவி சுமதி, தனசேகரின் தங்கை ரேவதி. அந்த வீட்டுக் கொடியைத் தினமும் பார்த்துப் பார்த்தே நவநீதம் அம்மா, வாலாஜாபாத்திலிருந்த தன் அண்ணன் மகனுக்கு ரேவதியைக் கேட்டு நிச்சயமும் செய்துவிட்டார். யூனிபார்ம் நிற்காமல் காய்கிற வீடு, நிலையான வீடு என்பது அவர் கணக்கு. ரேவதிக்கு அதற்கு முன்பே ஒரு சம்பந்தம் கைகூடி வந்து கலைந்திருந்தது. இதுவும் போனால் அந்தப் பெண் தாங்க மாட்டாள் என்று சுமதி என்னிடமே ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

நிச்சயமான கொஞ்ச நாளில் தனசேகரின் கான்ட்ராக்ட் முடிந்து, கம்பெனி அவரை நிறுத்திவிட்டது. தெருவில் யாருக்கும் அது தெரியாது. அவர் வழக்கம்போல ஷிஃப்ட் நேரத்துக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். தண்டலம் பக்கம் வேலை தேடி அலைந்துவிட்டு வருவார். சுமதி வழக்கம்போல யூனிபார்மைத் துவைத்துக் காயப்போடுவாள். கல்யாணம் முடிகிற வரை ஓட்டிவிடலாம் என்று இருவரும் நினைத்திருக்கிறார்கள்.

அப்போதுதான் பார்ட்ஸ் வரவில்லை என்று கம்பெனி ஒரு வாரம் உற்பத்தி லைனை நிறுத்தி லீவு விட்டது. எல்லோருக்கும் மெசேஜ் வந்தது. ஆண்கள் லுங்கியோடு சந்தோஷமாகத் திரிந்தார்கள். மறுநாள் தெருவில் எல்லா மாடியும் காலி. தனசேகர் வீட்டு மாடியில் மட்டும் சாம்பல் சட்டை ஈரம் சொட்டச் சொட்டத் தொங்கியது.

என்னவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "அவனுக்கு மெசேஜ் போகலை. அப்படீன்னா அவன் கம்பெனியிலேயே இல்ல" என்றார்.

நவநீதம் அம்மா கண்ணில் பட்டால் கல்யாணமே நின்றுவிடும். கம்பெனி லீவு, சட்டையை எடுத்துவிடு என்று சுமதியிடம் போய்ச் சொல்லிவிட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. சொன்னால், எங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதற்கப்புறம் அவள் எங்கள் முகத்தில் எப்படி விழிப்பாள்? கைப்பிடிச் சுவரோரம் குழம்பிக்கொண்டு நின்றபோது பக்கத்து மாடிக்குத் தேவகி அக்கா வந்தாள். மோட்டார் தண்ணீர்ச் சண்டையில் சுமதியோடு பேச்சுவார்த்தையே இல்லாதவள். கையில் அவள் புருஷனின் யூனிபார்ம். நான்கு மூலையும் இழுத்துவிட்டு, கிளிப் போட்டு மாட்டினாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"இன்னா பாத்துக்கினு நிக்கிற? உன் வூட்டுக்காரரு சட்டையும் எடுத்தாந்து போடு."

ஓடினேன். அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வராத நாள். பீரோவிலிருந்து இஸ்திரி போட்ட சட்டையை அப்படியே எடுத்துவந்து மாட்டிவிட்டேன். மறுநாள் காலைக்குள் தெரு முழுக்கச் சாம்பல் சட்டைகள். யாரும் யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை. சட்டை காயும்போது ஆள் வாசலில் நின்றால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று, ஆண்கள் யாரும் தலையை வெளியே நீட்டக் கூடாது என உத்தரவாயிற்று. லீவு விட்ட வாரத்தில் வேலை இருந்தவர்கள் எல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். வேலை இல்லாத ஒரே ஆள், பையை மாட்டிக்கொண்டு நேரத்துக்குப் போய்வந்தார். நவநீதம் அம்மா எப்போதும்போல வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாடி மாடியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணம் வாலாஜாபாத்தில் நல்லபடியாக நடந்தது. பந்தியில் என் பக்கத்து இலை நவநீதம் அம்மாவுடையது. தன் அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தவர், குரலைத் தாழ்த்தினார்.

"அந்த வாரம் உன் வூட்டு சட்டைல இஸ்திரி மடிப்பு அப்டியே நின்னுக்கினு இருந்துச்சு. காஞ்ச துணிய யாராவது காயப்போடுவாங்களா?"

அப்போதே தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாம இன்னா? அன்னிக்கே மாப்புள கிட்ட சொல்லிட்டேன். வேல இன்னிக்குப் போவும், நாளிக்கு வரும். ஒரு வூட்டுக்கோசரம் தெருவே துணி போடுது. அந்த வூட்ல பொண்ணு எடுக்காம வேற எங்க எடுக்கறது?"

சொல்லிவிட்டு, பாயசக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

பிறகு தனசேகருக்குத் தண்டலம் பக்கம் ஒரு குடோனில் வேலை கிடைத்தது. தெருவே துணி போட்ட கதை அவருக்கும் சுமதிக்கும் இன்றுவரை தெரியுமா என்று எனக்குத் தெரியாது. லட்சுமி நகரில் காலி மனையே இப்போது இல்லை. மொட்டை மாடிகளில் சோலார் பலகையும் தண்ணீர்த் தொட்டியும் நிறைந்துவிட்டன. கம்பெனியும் யூனிபார்மை உள்ளேயே துவைத்துக் கொடுக்கிறது. ஆட்கள் வீட்டுச் சட்டையில் போய் வீட்டுச் சட்டையில் வருகிறார்கள். நாங்கள் அதே சாலையில் இந்த ஃபிளாட்டை வாங்கிக்கொண்டு வந்து பல வருடம் ஆகிறது.

சோபா விஷயத்துக்கு வருகிறேன். என்னவருக்கு வேலை போய்விட்டது. போன மாதம் அவர் இருந்த பிரிவையே மூடிவிட்டார்கள். வெளியே யாருக்கும் நாங்கள் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. எதிர் ஃபிளாட்டுப் பெண் லிஃப்ட்டில் பார்த்தால் குட் மார்னிங் சொல்கிறார், நானும் சொல்கிறேன். முதலில் எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. இப்போது பயமாக இருக்கிறது. என்னவர் ஏன் "நல்லதுதான்" என்றார் என்பது எனக்குப் புரிகிறது, கொடி இல்லாவிட்டால் எங்கள் வீட்டை யாரும் படிக்க முடியாது. ஆனால் தேவகி அக்கா மாதிரி ஒருத்தி எங்கிருந்தாவது எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் தேவலை என்று மனசு அடித்துக்கொள்கிறது.

மத்தியானம் பால்கனிக்குப் போய்க் கொடியை அவிழ்த்தேன். எதிர் பிளாக்கிலும் வரிசையாக எல்லோரும் அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் எல்லா பால்கனியும் சுத்தமாகிவிட்டது. அந்த வீடுகளில் வேறு யாராவது சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்களா என்று எவ்வளவு நேரம் பார்த்தும் தெரியவில்லை.