மெட்டி கறுக்கவில்லை

அடையாறில் மரங்கள் அடர்ந்த ஒரு பழைய வளாகத்தில் வசந்திக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தோட்ட வேலை. சருகு வாருவாள், விழுந்த கிளையை ஓரம் கட்டுவாள், பாம்பைக் கண்டால் வழி விட்டு நிற்பாள். அந்த வேலையில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்று அவளே சொல்வாள். அவளுடைய பெருமை வேறு. முதல் மழை விழுந்து, இடி இடித்து, இரண்டு நாள் கழித்து வெயில் எட்டிப் பார்த்தால், அங்கிருக்கும் முப்பது நாற்பது புற்றுகளில் எதில் காளான் தலை நீட்டும் என்று அவளுக்குத் தெரியும்.

மொத்தம் மூன்றே புற்று. அந்த மூன்றைத் தவிர வேறெங்கும் கை வைக்க மாட்டாள். அங்கேயும் அவசரம் கிடையாது. குச்சியால் சுற்றிலும் மண்ணைக் கிளறி, காம்பை அடியோடு எடுப்பாள். புற்றுக்காளானின் காம்பு மண்ணுக்குள் வேர் மாதிரி நீண்டு இறங்கிக்கொண்டே போகும். அந்த வேரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவளுக்கு அது காளான். அடியில் வெங்காயம்போல உருண்டு, கிண்ணம் மாதிரி ஒரு தோல் சுற்றியிருந்தால், எவ்வளவு லட்சணமாக இருந்தாலும் அங்கேயே போட்டுவிட்டுக் கையைத் தேய்த்துக் கழுவுவாள். கொஞ்சம் சந்தேகம் என்றாலும் அதே கதிதான். "ஒரு நாளு துன்னலேன்னா இன்னா, உயிரா போய்டும்?" என்பாள்.

அவ்வளவு ஜாக்கிரதைக்காரி ஒரு காரியம் செய்துவந்தாள். வீட்டுக்கு எடுத்துப் போகும் முன்பே குழாயடியில் உட்கார்ந்து, வேரை நறுக்கிப் போட்டு, மண்ணைக் கழுவி, காளானைப் பூப்போல ஆக்கிவிடுவாள். பாதி எதிர்வீட்டு ஜோதிலட்சுமிக்குப் போகவேண்டியது. அடுத்தவர் கையில் கொடுப்பதை மண்ணோடும் அழுக்கோடுமா கொடுப்பது? வசந்தி நினைத்தது அவ்வளவுதான். இருபது வருஷம் அவள் கையால் காளான் வாங்கிச் சமைத்த ஜோதி, ஒரு தடவைகூட அந்த வேரைப் பார்த்ததில்லை.

இரண்டு பேருக்கும் சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் எதிரெதிர் வீடு. நடுவில் ஒரு ஆள் போகிற சந்து. ஜோதியின் புருஷன் துரைராஜ் மீன்பாடி வண்டி மிதிக்கிறவர். புரட்டாசி பிறந்துவிட்டால் அவர் கறி, மீன் எதையும் தொடமாட்டார். அந்த மாதம் முழுக்க முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருப்பார். காளான் வரும் அன்று மட்டும் சிரிப்பார். வாசலிலேயே நின்று, "வசந்தி, பெருமாளு உன் ரூபத்துல வந்துக்கினு கீறாரு" என்பார்.

ஜோதிக்கு ஒரு பழக்கம் உண்டு. கொதிக்கிற காளானில் கால் மெட்டியைக் கழற்றிக் கழுவிப் போடுவாள். விஷம் இருந்தால் வெள்ளி கறுத்துவிடும் என்பது அவள் நம்பிக்கை.

"ஏன்க்கா, எம்மேல நம்பிக்க இல்லியா?" என்று வசந்தி பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பாள்.

"உம்மேல கீது. காளான் மேலதான் இல்ல."

எட்டு வருஷத்துக்கு முன்னால் அஃப்சருன்னிசா என்று ஒரு பெண், காளான் ஆராய்ச்சிக்காக அந்த வளாகத்துக்கு வந்தாள். வசந்தி வேரைப் பார்த்து எடுப்பதைக் கண்டு சந்தோஷப்பட்டாள். பேச்சுவாக்கில் மெட்டி விஷயம் வந்தது. "வெள்ளி, மஞ்சள், பூண்டு எதுவுமே விஷத்தைக் காட்டாதுக்கா. கொதிக்க வெச்சாலும் போகாது. மெட்டிய நம்பி நிறைய பேர் செத்திருக்காங்க" என்றாள் அந்தப் பெண்.

அன்று சாயங்காலமே ஜோதியிடம் சொல்லிவிட வேண்டும் என்று வசந்தி நினைத்தாள். ஆனால் ஜோதி தன்னைவிட மூத்தவள். எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று முகம் திருப்பிக்கொள்வாள். தவிர, பறிப்பது நான்தானே, மெட்டி போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்றும் தோன்றியது. சொல்லவில்லை. வருஷா வருஷம் மெட்டி வெள்ளையாக வெளியே வந்தது. வசந்தியின் கண் செய்த வேலைக்கு மெட்டி நல்ல பேர் வாங்கிக்கொண்டிருந்தது.

போன வருஷம் ஆற்றோரத்து வீடுகளை அகற்ற அதிகாரிகள் அளக்க வந்தார்கள். அவர்கள் போட்ட கோடு சரியாக அந்தச் சந்தில் விழுந்தது. வசந்தியின் வீடு போயிற்று, ஜோதியின் வீடு தப்பியது. வசந்திக்கும் அவள் புருஷன் நாகராஜுக்கும் பெரும்பாக்கத்தில் ஆறாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். அங்கிருந்து அடையாறுக்கு வந்து போவதிலேயே உயிர் பாதி போய்விடும். இந்தப் புரட்டாசியில் மழை பெய்து காளான் வந்தபோது, ஞாயிற்றுக்கிழமை ஜோதி வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்கவே முடியவில்லை.

காளான் வரவில்லையா என்று துரைராஜ் கேட்டுக் கேட்டுப் பார்த்திருக்கிறார். ஜோதி பாத்திரம் தேய்க்கப் போகும் அசோக் நகர் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை. அதில் மரத்தடியில் வெள்ளை வெள்ளையாகக் குடை விரித்திருந்தன. பக்கத்தில் புற்றும் இருந்தது. ஜோதி கழுத்தோடு கிள்ளி எடுத்து முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தாள். கொதிக்கவிட்டு மெட்டியைப் போட்டாள். மெட்டி கறுக்கவில்லை.

"வசந்தி கொண்டாற மாதிரியே கீதுடி" என்று சொல்லித் துரைராஜ் மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டார். கடைசியில் சாப்பிட உட்கார்ந்த ஜோதிக்குச் சட்டியில் ஒட்டியிருந்ததுதான் மிச்சம்.

மறுநாள் விடியற்காலையில் துரைராஜுக்கு வாந்தியும் பேதியும் ஆரம்பித்தன. தெருமுனை டாக்டர் ஊசி போட்டார். அதற்கடுத்த நாள் எழுந்து உட்கார்ந்து டீ குடித்தார், வண்டி எங்கே என்று கேட்டார். கண்டம் தாண்டிவிட்டது என்று ஜோதி மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தாள். அப்படி நன்றாக இருப்பதுபோலக் காட்டி ஏமாற்றுவதுதான் அந்த விஷத்தின் குணம். மூன்றாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் எந்தக் காளான் என்று கேட்டார்கள். செய்தி கேட்டு ஓடிவந்த வசந்திதான் அசோக் நகருக்குப் போனாள். மரத்தடியில் உட்கார்ந்து குச்சியால் மண்ணைக் கிளறி ஒன்றை அடியோடு எடுத்தாள். அடி உருண்டிருந்தது. சுற்றிலும் கிண்ணம்போலத் தோல். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வேரோடு கொடுத்திருந்தால் ஜோதிக்கும் தெரிந்திருக்கும். வசந்தி அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அப்புறம் அதைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப்போய் டாக்டரிடம் கொடுத்தாள். ஆறாம் நாள் துரைராஜ் இறந்துபோனார். கல்லீரல் போய்விட்டது என்றார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் வசந்தி போயிருந்தாள். ஜோதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். யார் வந்தாலும் சொல்வதையே அவளிடமும் சொன்னாள்.

"காளான்ல ஒண்ணும் இல்ல வசந்தி. மெட்டி கறுக்கவே இல்ல. என் கண்ணால பாத்தேன். நல்லாதான் எந்திரிச்சி உக்காந்தாரு. அதுக்கப்புறம் ஊசியில தான் இன்னாவோ பண்ணிட்டானுங்க." மூச்சு வாங்கிக்கொண்டு, "இவருக்குன்னு பறிச்சதுல மீந்தத காய வெச்சிக்கீறேன். அன்புச்செல்வி போறப்ப குடுத்தனுப்பணும்" என்றாள். அன்புச்செல்வி அவள் ஒரே மகள்; கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து காரியத்துக்கு வந்திருந்தாள்.

வசந்தி தண்ணீர் குடிப்பதுபோல அடுப்படிக்குப் போனாள். ஜன்னலோரத்தில் பொட்டலம் இருந்தது. எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இப்படியே போய்விடலாம். பொட்டலத்தை எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று ஜோதி நினைத்துக்கொள்வாள். இருபது வருஷத்துச் சிநேகிதமும் அப்படியே இருக்கும். ஆனால் அடுத்த வருஷமும் மழை பெய்யும். ஜோதி மறுபடி அந்த மனைக்குப் போவாள், அல்லது மகளிடம் வழி சொல்லி அனுப்புவாள். வசந்தி திரும்பி வந்து உட்கார்ந்து, பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, காளான் தான். வெள்ளி கறுக்காதுக்கா. எந்த வெசத்துக்கும் கறுக்காது."

ஜோதி அவளையே பார்த்தாள். "யாரு சொன்னா?"

"நான் வேல செய்யற எடத்துக்கு ஒரு படிச்ச பொண்ணு வந்துச்சி. அது சொல்லிச்சி."

"எப்ப?"

பொய் சொல்லித் தப்பிக்க வசந்திக்கு ஒரு கணம் கிடைத்தது. "எட்டு வருசம் ஆவுதுக்கா."

வீட்டுக்குப் பின்னால் அன்புச்செல்வி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஜோதி மெதுவாகக் கேட்டாள்: "தெரிஞ்சிக்கினே தான் பக்கத்துல உக்காந்து சிரிச்சியா?"

"ஆமாக்கா."

ஜோதி கையை நீட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். சந்தில் இறங்கிப் போய்ச் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்தாள். திட்டியிருந்தால் வசந்தி காலில் விழுந்திருப்பாள்.

"நீ போ வசந்தி. ரெண்டு பஸ்ஸு மாறணும் உனக்கு. இருட்டிடப் போவுது" என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இந்த நேரத்திலும் தனக்கு இருட்டிவிடுமே என்று நினைத்தவளிடம் மன்னிப்புக் கேட்க வசந்திக்கு வாய் எழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.