ராஜினாமா எப்போ, சார்?

செல்போனில் இன்கமிங் இலவசமான புதிது. பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சம்பளம் வீட்டுக் கடன் தவணைக்கே சரியாகிவிடும். தினமும் தாம்பரத்தில் மின்ரயில் ஏறியதும் முதலாளியைத் திட்ட ஆரம்பித்து, "அடுத்த ஒண்ணாந்தேதி ராஜினாமா" என்று முடிப்பேன்.

மற்றவர்கள் சிரிப்பார்கள். எதிர் சீட்டு ஜேம்ஸ் மட்டும் சிரிக்க மாட்டார். இரும்புலியூர்க்காரர், அவரும் கணக்கு வேலைதான். ஒண்ணாந்தேதி தவறாமல், "லெட்டர் குடுத்துட்டீங்களா, சார்?" என்று அக்கறையாக விசாரிப்பார். என் துக்கத்துக்கும் ஒரு ரசிகர் கிடைத்துவிட்டார் என்று பூரித்துப்போனேன்.

ஒருநாள் குரோம்பேட்டை தாண்டியதும் குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா நினைக்காதீங்க சார். எப்ப விடுவீங்கன்னு கரெக்டா சொல்லுங்க. எனக்கு வேலை போய் ரொம்ப நாளாச்சு. வீட்ல தெரியாது. உங்க இடம் காலியானா வந்து கேக்கலாம்னுதான்..."

"எங்க கம்பெனி நரகம், ஜேம்ஸ்."

"பரவால்ல சார். சம்பளம் வருதுல்ல?"

பல்லாவரம் வந்துவிட்டது. அவசரமாக இறங்கினேன். நேராக அலுவலகம் போய், முதலாளிக்கு முதல்முறையாக மனதார வணக்கம் வைத்தேன்.

மறுநாளிலிருந்து வேறு பெட்டி. அங்கேயும் புலம்பினேன். ஆனால் யாராவது அக்கறையாகக் கேட்டால் மட்டும் இன்றுவரை வாயை மூடிக்கொள்கிறேன்.