அருளப்பன் மாமா கொடுத்த சோப்பு

மரக்காணத்திலிருந்து உப்பு மூட்டை ஏற்றிவந்த லாரிக்காரர்தான் சேதி சொன்னார். வானூரில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே குரல் கொடுத்தார். "சார், உங்க மாமா அருளப்பன் காலையில தவறிட்டாரு. அக்கா உங்கள உடனே வரச் சொன்னாங்க."

அழுகை வரவில்லை. வந்ததாக எழுதவும் மனம் ஒப்பவில்லை. கோயில் இதழுக்கு நினைவஞ்சலி எழுத நான்தான் பொருத்தம் என்கிறார்கள். படித்தவன், இறந்தவருக்கு மைத்துனன் வேறு. எழுதுகிறேன், நடந்ததை மட்டும்.

மாமா உப்பளத்தில் கணக்கராக இருந்தவர். வெள்ளைச் சட்டையில் கறை பார்க்க முடியாது. மரக்காணத்துக் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும்; கடைச் சோப்பு அதில் நுரைக்காமல் உடம்பில் பிசுபிசுவென்று ஒட்டும். தேங்காய் எண்ணெயில் காய்ச்சும் சோப்பு உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும் என்று எங்கேயோ கேட்டுவந்தவர் அவர்தான். அந்தப் பெருமையை நான் பறிக்கவில்லை. எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து ஈஸ்டர்தோறும் வீடு வீடாகச் சோப்பு கொடுத்தார். பங்குச் சாமியாருக்கும் முதலாளிகளுக்கும் கூனிமேட்டு எண்ணெய்க்கடை பாய்க்கும் கொடுத்தார். உப்பு வாரும் பெண்களுக்கும்கூடக் கொடுத்தார். வாழைச் சருகில் சுற்றி, நாரால் கட்டி நீட்டும்போது ஒரே வசனம்தான். "கடையில வாங்கி யாரு வேணா குடுக்கலாம். கையால செஞ்சி குடுக்கறதுலதான் அன்பு இருக்குது."

யார் கையால் என்று ஒருவரும் கேட்டதில்லை.

கொல்லையில் அடுப்பு எரியும். மாமா நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். தோலை அரிக்கும் சோடாக் காரம் பொங்கும் பானையை, முகத்தைத் திருப்பிக்கொண்டு, நீளக் கட்டையால் கிளறுவது என் அக்காள் லூர்துமேரி.

"நீங்களும் கொஞ்சம் கிளறக் கூடாதா மாமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வாத்தியாரே, கப்பல்ல கேப்டன் துடுப்பு போடுவானா?"

அக்காவும் அன்று சிரித்தாள்.

எழுபத்து நான்காம் ஆண்டு அக்கா தையல் படித்துத் தேறியிருந்தாள். பக்கத்துப் பெண்கள் பள்ளியில் தையல் ஆசிரியையாக ஜூனில் வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். இரண்டு புடவைகளை எடுத்து, மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்திருந்தாள். அவளுக்கென்று இருந்த ஆசை அது ஒன்றுதான்.

அந்த ஈஸ்டருக்குச் சோப்பு போதவில்லை. புனித வாரத்தில் அவசரமாக இன்னொரு பானை ஏற்றச் சொன்னார் மாமா. விடுமுறைக்குப் போயிருந்த நான் பக்கத்தில்தான் இருந்தேன். காய்ச்சிய கலவையில் உப்பைப் போட்டால் சோப்பு பிரிந்து மேலே வரும். அளத்திலிருந்து மாமா கொண்டுவந்த உப்போ அன்று காலையில் வாரியது. புது உப்பைக் குவித்து வைத்து, கசப்புத் தண்ணீர் வடிந்த பிறகுதான் மரக்காணத்தில் குழம்புக்கே எடுப்பார்கள்.

"ஈரமா இருக்குதுங்க. இத போட்டா திரிஞ்சிடும். வேணாங்க."

"உப்பப் பத்தி எனக்கே பாடமா? போடுடி."

போட்டாள். கெட்ட பாலாகத் திரிந்து, மணல் மணலாக நின்றது.

"உன் கைராசி அப்படி. இன்னும் காரம் ஊத்தினா கட்டும், நவுரு" என்று எழுந்துவந்து, கொதிக்கும் பானையில் காரத் தண்ணீரை அவரே கவிழ்த்தார். பானை பொங்கி அக்காவின் வலது கையில் வழிந்தது. சோப்புப் பானையில் மாமா கைவைத்தது அந்த ஒரு முறைதான்.

நான் அவளைப் பஸ்ஸில் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மாமா வரவில்லை. முன்பு போட்ட சோப்பை எடுத்துக்கொண்டு சாமியார் வீட்டுக்குப் போயிருந்தார்.

புண் ஆறியது. உள்ளங்கையோடு மடங்கிய விரல்கள் நிமிரவில்லை. ஜூனில் அந்த வேலையில் வேறொருத்தி சேர்ந்தாள். "வுடு மேரி, நீ வேலைக்குப் போயிட்டா எனக்கு யாரு சோப்பு போடறது?" என்று மாமா சிரித்தார். நான் சண்டைக்குப் போனேன். "புருசன் பொண்டாட்டி நடுவுல வாத்தியாருக்கு இன்னா வேல?" என்றார். அதன்பின் இந்தச் சாவு வரை அந்த வீட்டுப் படியை நான் மிதிக்கவில்லை. அடுத்த ஈஸ்டருக்கும் சோப்பு வந்ததாகக் கேள்விப்பட்டேன். இடது கையால் கிளறியிருக்கிறாள்.

சாவு வீட்டில் எல்லோர் வாயிலும் அந்தச் சோப்புதான். கோயில் நாட்டாண்மைக்காரர் அக்காவிடம் குனிந்தார். "முப்பதாம் நாள் பூசைக்கு வர்றவங்களுக்கு ஆளுக்கொரு சோப்பு குடுத்தா நல்லாருக்கும்மா. அவரு கையால போட்ட சோப்புன்னு பேரு நிக்கும். நீ கொஞ்சம் ஏற்பாடு பண்ணும்மா."

அக்கா சவப்பெட்டியைப் பார்த்தாள். "அவரு போட்டதுன்னா அவரையே கேளுங்கண்ணே. இதோ, படுத்துக்கினுதான இருக்காரு."

அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

கல்லறைக்கு அவளும் நடந்தே வந்தாள். குழியில் பெட்டி இறங்கியதும், குனிந்து இடது கையால் ஒரு பிடி மண் அள்ளினாள். பின்னால் யாரோ ஒரு கிழவி, "சோத்துக் கையால போடும்மா" என்று முணுமுணுத்தாள். அக்கா திரும்பவில்லை. இடது கையாலேயே போட்டுவிட்டு, அதைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

விடைபெறுங்கள் மாமா. உங்களுக்காகச் செபிக்க ஊரே இருக்கிறது. அதில் என்னைச் சேர்க்க வேண்டாம்.