தியாம் ஹோக் வாசித்த கல்யாணப் பாட்டு

அந்தப் பாட்டை வாசித்தபோது தியாம் ஹோக்குக்கு ஐம்பத்தேழு வயது. மலேசியாவில் தைப்பிங் ஊரில் சாவு வீடுகளுக்கு வாசிக்கப்போகும் பேண்டு குழுவில் டிராம்போன் வாசித்துக்கொண்டிருந்தார். முன்னும் பின்னும் இழுத்து இழுத்து ஊதுகிற பித்தளை வாத்தியம். ஆளும் அதைப்போலவே நீளம், ஒல்லி, ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் சத்தம் போட்டுப் பேசுவார். வெள்ளைச் சட்டை, தோளில் தங்கச் சரிகை, தலையில் தொப்பி. தூரத்தில் பார்த்தால் கப்பல் கேப்டன். கிட்டே வந்தால் யாரென்று தெரிந்துவிடும், ஜனம் ஒதுங்கிவிடும்.

அந்தச் சீருடையோடு டாக்ஸியில் ஏற்றமாட்டார்கள். புதுக்கடை திறப்பு, குழந்தைக்கு மாதம் நிறைந்த விருந்து, எதற்கும் கூப்பிடமாட்டார்கள். இளவயதில் இரண்டு இடத்தில் பெண் பார்த்தார். "என்ன வேலை?" என்று கேட்ட மாத்திரத்தில் இரண்டு இடத்திலும் பெண்ணைப் பெற்றவருக்கு அவசரமாக எங்கேயோ போகவேண்டியிருந்தது. மூன்றாவது இடத்துக்கு அவர் போகவில்லை.

எனக்கு அவரை சூப்புக் கடையில்தான் பழக்கம். நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். ராத்திரி பதினொன்றுக்கு வேலை முடியும். முப்பது வருஷம் இந்த ஊரில் சீனரோடு சீனராக இருந்து அவர்கள் பேச்சும் வாய்க்கு வந்துவிட்டது. அந்த நேரத்தில் வயிற்றுக்குச் சூடாக ஏதாவது வேண்டுமென்றால் பழைய மார்க்கெட்டுக்குப் பின் சந்தில் சோக் ஹூன் கடை ஒன்றுதான். ராத்திரி ஒன்பதுக்குத் திறந்து மூன்றுக்கு மூடுவாள். பெரிய அலுமினிய அண்டாவுக்குள் சின்னச் சின்ன மண்ஜாடிகள் ஆறு மணி நேரம் ஆவியில் கிடக்கும். மூடியைத் திறந்தால் வேர், பேரீச்சை, இஞ்சி, கோழி எல்லாம் கலந்த வாசனை சந்து முழுக்கப் போகும். மழை பெய்தால் இன்னும் அதிகம். தைப்பிங்கில் மழை பெய்யாத ராத்திரி என்று ஒன்று வருவது அபூர்வம்.

ஆஸ்பத்திரிக்காரர்கள், மீன் லாரிக்காரர்கள், மாஜோங் சூதாட்டத்தில் தோற்றவர்கள், பேண்டுக்காரர்கள், இவர்கள்தான் அங்கே வாடிக்கை. "எக்ஸ்ரே அனுப்பி வைப்பான், பேண்டு கொண்டுபோய் விடும்" என்று மீன்காரர் பாக் சூன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொல்லாத நாள் கிடையாது. ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலச் சிரிப்பார்.

தியாம் ஹோக் முதன்முதலில் அந்தக் கடைக்கு வந்த ராத்திரி நானும் இருந்தேன். கொட்டுகிற மழை. உள்ளே வராமல் வாசலில் நனைந்துகொண்டு பார்சல் கேட்டார். அதே சந்தில் ஒரு பகல்கடையில் முன்பு அவரைச் சாக்கடைப் பக்கம் போய் உட்காரச் சொல்லியிருந்தார்கள்.

"ஏன் நனையறீங்க? உள்ள வாங்க" என்றாள் சோக் ஹூன்.

"இல்ல தவுக்கே... யூனிபார்ம்ல இருக்கேன்." தவுக்கே என்றால் முதலாளி.

"யூனிபார்மா சாப்பிடப் போவுது? நீங்கதானே? வாங்க."

அவள் குட்டை, உருண்டை, பேச்சு பட்டாசு. புருஷன் இறந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. மகன் ஜொகூரில் வேலை. அவள் கூப்பிட்டதில் தடுமாறிப்போன தியாம் ஹோக், சுவரில் ஒட்டியிருந்த சிவப்புத் தாள் பட்டியலைச் சரியாகப் பார்க்காமலே ஒரு எழுத்தைத் தொட்டுக்காட்டினார். சோக் ஹூன் ஒரு நொடி அவரையே பார்த்தாள். அப்புறம் அண்டா மூடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"யாருக்குக் கொழந்த பொறந்திருக்கு? உங்களுக்கா?"

அவர் காட்டியது டாங் குவே வேர் போட்ட கருங்கோழி சூப்பு. பிள்ளை பெற்ற பெண்களுக்கு ரத்தம் ஊறுவதற்காகக் கொடுப்பது. வேறொன்றைக் காட்டியிருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்ட மனுஷன் காது வரைக்கும் சிவந்துபோய், "அதேதான் வேணும்" என்றார்.

அன்றிலிருந்து ஒன்பது வருஷம் அதேதான். அந்த வேரின் வாசனை அவருக்கு ஆகவே ஆகாது. பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறந்ததுபோல் இருக்கும் என்று என்னிடம் மட்டும் சொன்னார். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடிப்பார். கண்ணில் தண்ணீர் வரும். உடனே, "ரொம்ப நல்லா இருக்கு தவுக்கே" என்பார்.

"இது எத்தனாவது பிரசவம்?" என்பார் பாக் சூன்.

"ஆம்பளையா பொம்பளையா?" என்பேன் நான்.

அவர் அண்டாவுக்கு அந்தப்பக்கம் ஆவிக்குள் தெரிகிற முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சோக் ஹூனைத் தவிர மற்ற எல்லாருக்கும் விஷயம் தெரியும் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இப்படியே போயிருக்கும். ஈப்போ ஊரிலிருந்து மருந்து வேர் கொண்டுவருகிற வியாபாரி ஒருவர் குறுக்கே வந்தார். மனைவியை இழந்தவர், சொந்தக் கார், தங்கப் பல் இரண்டு. வாரம் ஒருமுறை வந்தவர் மூன்று முறை வர ஆரம்பித்தார். ஒரு ராத்திரி பாக் சூன் நண்டு உடைப்பதுபோல விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"ஈப்போக்காரன் கல்யாணத்துக்குக் கேட்டுட்டானாம். தவுக்கே வெள்ளிக்கிழமை பதில் சொல்றேன்னிருக்கா."

தியாம் ஹோக் குடித்துக்கொண்டிருந்த ஜாடியைக் கீழே வைத்தார். எழுந்து போய்விட்டார். ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக ஜாடியில் பாதி சூப்பு மிச்சம்.

மறுநாள் பேண்டு குழு கூடியது. ஏழு பேர். அவர்களுக்குத் தலைவி பீ லெங். பெரிய டிரம்மை வயிற்றில் கட்டிக்கொண்டு நடப்பவள், குரல் போலீஸ்காரர் குரல்.

"வாயால சொல்ல வரலேன்னா வாத்தியத்தால சொல்லுங்கண்ணே. நாங்க எதுக்கு இருக்கோம்?"

"நமக்குக் கல்யாணப் பாட்டு தெரியுமா?" என்றார் தியாம் ஹோக்.

ஒருவருக்கும் தெரியாது. ஏரிக்கரை கார் நிறுத்தத்தில் இரண்டு நாள் போனில் கேட்டுக் கேட்டுப் பழகினார்கள். நன்றாகவே வந்தது என்று பீ லெங் இன்றைக்கும் சத்தியம் செய்வாள்.

வியாழக்கிழமை ஒரு சாவு வீட்டில் வாசித்து முடிக்கப் பதினொன்றரை ஆகிவிட்டது. உடை மாற்ற நேரமில்லை. பன்னிரண்டு மணிக்கு வேன் சந்து முனையில் வந்து நின்றது. கடை நிறைந்திருந்தது. மழை தூறல். வெள்ளைச் சீருடையில் ஏழு பேரும் வரிசையாக வந்து கடை வாசலில் நின்றார்கள். பீ லெங் கோலை உயர்த்தினாள்.

கல்யாணப் பாட்டைத்தான் ஆரம்பித்தார்கள். ஆனால் முப்பது வருஷமாகச் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்த கால்கள். பதற்றத்தில் டிரம் அதன் பழைய நடைக்குப் போய்விட்டது. டொம்... டொம்... டொம். டிரம் மெதுவானதும் சாக்ஸபோன் மெதுவானது, டிராம்போன் அழுதது. அப்படி ஒரு துக்கமான கல்யாணப் பாட்டை நான் கேட்டதில்லை. எனக்கே யாரோ போய்விட்டதுபோல இருந்தது.

சந்து முழுக்க விளக்கு எரிந்தது. கடைக்கு மேல்மாடியில் கூய் தாத்தா இருந்தார், தொண்ணூற்றொரு வயது. அவர் மருமகள் எதிர்வீட்டில் மாஜோங் ஆடிக்கொண்டிருந்தாள். தன் வீட்டுக்குக் கீழே சாவு பேண்டு கேட்டதும் கையில் ஆட்டக்கட்டையோடு ஓடிவந்தாள்.

"அய்யோ மாமா! சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டீங்களே! சாயங்காலம்கூட சோறு குழையலேன்னு திட்டினீங்களே!"

அவள் அழ, பக்கத்து வீட்டுப் பெண்கள் அழ, யாரோ ஊதுவத்தி கொளுத்தினார்கள். பாக் சூன் எழுந்து நின்று தலைகுனிந்தார். "நல்ல மனுஷன். என்கிட்ட மீன் கடனே சொன்னதில்ல" என்றார். பேண்டுக்கு விஷயம் தெரியாது. இவ்வளவு பேர் உருகுகிறார்களே என்று இன்னும் உருக்கமாக வாசித்தார்கள்.

அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம். அரைக்கால் சட்டையும் பனியனுமாகக் கூய் தாத்தா இறங்கி வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்று, மருமகள் தோளைத் தட்டினார்.

"யாரு செத்தது? எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லல?"

மருமகள் திரும்பிப் பார்த்தாள். அவள் போட்ட கூச்சலில் சாக்ஸபோன் நின்றது. அவள் பின்னாலேயே சாய்ந்து என் மடியில் உட்கார, என் ஜாடி கவிழ்ந்து சூப்பு முழுக்க பாக் சூன் கால்சட்டையில். பாக் சூன் மேஜைக்கு அடியில் இருந்தார். எப்போது போனார் என்று தெரியவில்லை.

"தொடாதீங்க! ஆவி!" என்று அங்கிருந்து கத்தினார்.

"ஆவியா? அண்டாவுல வர்றதா?" என்றார் தாத்தா. காது மந்தம்.

சோக் ஹூன் கையில் அகப்பையோடு வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"நடுராத்திரி என் கடை வாசல்ல யாருக்கு இந்த ஒப்பாரி?"

பீ லெங் தியாம் ஹோக்கை முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். அவர் டிராம்போனைப் பிடித்தபடி இரண்டடி முன்னால் வந்து நின்றார். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஒப்பாரி இல்ல தவுக்கே. கல்யாணப் பாட்டு."

"யாருக்குக் கல்யாணம்?"

"எனக்கு. உங்களுக்கு. நீங்க சரின்னா. ஈப்போக்காருக்குக் காரு இருக்கு, எனக்கு சைக்கிள்தான். என்னை எவனும் வீட்டுக்குள்ள கூப்புட மாட்டான். நீங்கதான் உள்ள வான்னீங்க." அவர் மூச்சு வாங்கினார். "இன்னொரு உண்மையும் சொல்லிடறேன். அந்தக் கருங்கோழி சூப்பு எனக்குப் புடிக்கவே புடிக்காது. ஒம்போது வருஷமா மூக்கைப் புடிச்சுக்கிட்டுக் குடிக்கிறேன்."

 சோக் ஹூன் அகப்பையை இடுப்பில் ஊன்றிக்கொண்டாள்.

"எந்தச் சூப்பு?"

"அந்த வேர் போட்டது..."

"மூணாவது வாரமே உன் ஜாடியில அந்த வேரை நிறுத்திட்டேன்யா! நீ கண்ணுல தண்ணியோட குடிக்கிறதப் பாக்க முடியல. பேரீச்சம்பழமும் எலும்பும்தான் போடறேன். கறுப்பா தெரியட்டும்னு சோயா சாஸ் ஊத்தறேன். எதுக்குடா இந்தாளு இன்னும் மூக்கைப் புடிக்கிறான்னு ஒம்போது வருஷமா நான் மண்டையை ஒடைச்சுக்கறேன்!"

முதலில் சிரித்தது கூய் தாத்தாதான். அவருக்கு இது மட்டும் எப்படிக் காதில் விழுந்ததோ. அப்புறம் மேஜைக்கு அடியிலிருந்து பாக் சூன். அப்புறம் சந்தே சிரித்தது. மருமகள் என் மடியில் உட்கார்ந்தபடியே சிரித்தாள். தியாம் ஹோக் மட்டும் சிரிக்கவில்லை. வாயைத் திறந்து நின்றார்.

"அப்ப உங்களுக்கு... தெரியுமா?"

"எனக்குத் தெரியாம இந்தக் கடையில ஒரு பேரீச்சங்கொட்டை விழுமா? நீ வாயைத் தொறப்பேன்னு பாத்தேன். கிழவியாயிட்டேன்."

"ஈப்போக்காரு?"

"கடையை ராத்திரி பத்துக்கு மூடணுமாம், அந்தாளுக்குத் தூக்கம் வருமாம். போய்த் தூங்கட்டும்." அவள் பேண்டைப் பார்த்து அகப்பையை ஆட்டினாள். "நான் என்ன செத்தா போயிட்டேன்? வேகமா வாசிங்க!"

வாசித்தார்கள். டிரம் தெறித்தது. தியாம் ஹோக்குக்கு ஊதவே முடியவில்லை, உதடு சிரிப்பிலேயே விரிந்து போயிருந்தது, காற்றுதான் வந்தது. மீன் லாரிக்காரர்கள் ஆடினார்கள். பாக் சூன் சூப்பு சொட்டும் கால்சட்டையோடு ஆடினார். எரிந்துகொண்டிருந்த ஊதுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெண் ஆடினாள். கூய் தாத்தா பீ லெங்கைக் கூப்பிட்டுத் தன் சாவுக்கு முதலில் வாசித்ததுபோல வாசித்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன் என்றும், இப்போது வாசிப்பதுபோல வாசித்தால் படுத்தே கேட்பேன் என்றும் கண்டிப்பாகச் சொன்னார். எல்லாருக்கும் சூப்பு. எது யாருடைய ஜாடி என்று தெரியாமல் குடித்தோம். நான் வீடு போகும்போது விடிந்துவிட்டது. சூப்பில் போதை கிடையாது என்று என் மனைவியை நம்பவைக்க மதியம் வரைக்கும் ஆனது.

எல்லாம் சுலபமாக முடிந்துவிடவில்லை. சாவு பேண்டுக்காரன் அடுப்படியில் நின்றால் கடை விளங்காது என்று சோக் ஹூனின் அக்கா ஒரு மாதம் பேசவில்லை. வாடிக்கைக்காரர்களில் சிலர் நிஜமாகவே வராமல் போனார்கள். தியாம் ஹோக் வேலையை விட்டுவிடுகிறேன் என்றார். "விட்டா உன்னையும் விட்டுடுவேன். செத்தவங்களை மரியாதையா அனுப்பி வைக்கிற வேலை, அதுல என்ன கொறை?" என்றாள் அவள். மகன் ஜொகூரிலிருந்து பஸ் பிடித்து வந்து பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். வராமல் போனவர்களில் பாதிப்பேர் மழைக்காலத்தில் திரும்பி வந்தார்கள். அந்த வாசனையை எத்தனை நாள்தான் ஜன்னல் சாத்திக்கொண்டு தாங்குவது?

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. போன வாரம் ஏரிப் பக்கம் போனபோது இருவரையும் பார்த்தேன். அன்னப்பறவை மாதிரி செய்த மிதிபடகில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கால் நீளம், முட்டி மோவாயில் இடித்தது. அவள் கால் குட்டை, மிதி எட்டவில்லை. அதனால் படகு ஒரே இடத்தில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"எக்ஸ்ரே! எப்புடிய்யா இதை நேரா விடறது?" என்று கரைக்குக் கேட்கும்படி கத்தினாள் சோக் ஹூன்.

"அவரு நிறுத்தணும், நீங்க மிதிக்கணும்!" என்றேன்.

தியாம் ஹோக் நிறுத்தவில்லை. தொப்பி இல்லாத தலையில் தூறல் விழ, இன்னும் வேகமாக மிதித்தார். படகு இன்னும் வேகமாகச் சுற்றியது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.