தாதியிடம் மறைத்த கசிவு

தொண்ணூறுகளின் நடுவில் ரொறொன்ரோவில் என் கணவருக்கு இருதய பைபாஸ் சத்திரசிகிச்சை நடந்தது. நெஞ்செலும்பைப் பிளந்து, பிறகு கம்பியால் கட்டித் தைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த இரண்டாம் கிழமை, தையலின் கீழ்நுனி கசிந்து பனியனில் மஞ்சளாகப் பட்டிருந்தது.

அன்று ஆஸ்பத்திரித் தாதி தொலைபேசியில், "காயத்தில் ஏதும் கசிகிறதா?" என்று விசாரித்தாள். கணவருக்கு ஆங்கிலம் வராது, நான்தான் மொழிபெயர்ப்பாளர். அவள் கேட்டதைத் தமிழில் சொன்னதும் அவர் என் கையைப் பிடித்தார்.

"சொல்லாதையும். திரும்பவும் ஆஸ்பத்திரியிலை மறிச்சுப் போடுவாங்கள்."

நானும் "இல்லை" என்றுவிட்டேன்.

மூன்றாம் நாள் அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. இருமியவர், "நெஞ்சுக்குள்ளை எலும்பு அசையுதப்பா" என்றார். அம்புலன்ஸில் கொண்டுபோனோம். கிருமி எலும்பு வரை இறங்கியிருந்தது. நெஞ்சைத் திரும்பத் திறந்து கழுவினார்கள்.

"கசிந்த அன்றே சொல்லியிருந்தால் மருந்தோடேயே மாறியிருக்கும்" என்றார் டொக்டர். அதைக் கணவருக்கு மொழிபெயர்க்க எனக்கு வாய் வரவில்லை.

ஆறு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். இப்போதும் நாங்கள் இருக்கும் டோர்செட் பார்க் பகுதியில் தெரிந்தவர்கள் டொக்டரிடம் போகும்போது மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுவார்கள். முதலிலேயே சொல்லிவிடுவேன்:

"நீங்கள் சொல்லுறதையும் சொல்லுவன், நான் கண்ணாலை கண்டதையும் சொல்லுவன். சம்மதமெண்டா வாறன்."