இடது பக்கத்து அனல்

ஹபீபுர் ரஹ்மானை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாய் என்றால் அவர்தான். மந்தைவெளியில் கஸ்தூரிரங்கன் வீட்டு வெள்ளைக் காரைப் பதினோரு வருஷமாக ஓட்டினார். அந்த வீட்டுக்கு நேர் எதிரே என் அப்பாவின் இஸ்திரி வண்டி. ஒன்பதாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் பேசிப் பிரிந்துவிட்டதால், பகல் முழுக்க அந்தக் காரைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நேரம் இருந்தது.

பாய்க்கு ஐம்பத்திரண்டு வயது. வண்டி முள் நாற்பதைத் தாண்டினால் அவரே வெட்கப்படுவார். ஒருமுறை காரின் பின்னால் ஒரு தகர டப்பாவைக் கட்டிவிட்டேன். லஸ் வரைக்கும் கடகடவென்று போய்விட்டுத் திரும்பி வந்தார். டப்பாவை அவிழ்த்து, கழுவி, என்னிடம் கொடுத்தார். "இந்தா நைனா, உங்கப்பாவுக்குத் தண்ணி தெளிக்க ஆகும்." அதோடு சரி. திட்டத் தெரியாத ஆளிடம் வம்பு செய்வதில் ருசி கிடையாது. அதற்குப் பிறகு கார் சும்மா நிற்கும்போது முன் சீட்டில் உட்கார்ந்து கடலை தின்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

தொண்ணூற்றேழாம் வருஷம், கத்திரி வெயில். காரில் ஏ.சி. ஒரு பக்கம் மட்டும் வேலை செய்ய ஆரம்பித்தது. ஓட்டுகிறவர் பக்கம் ஜில்லென்று வந்தது. இடது பக்கம் வந்தது காற்றா, பெருமூச்சா என்று சொல்ல முடியாது. பின் சீட்டில் உட்கார்ந்தால் தலை சுற்றும் என்பதால் கஸ்தூரிரங்கன் எப்போதும் முன்னால், இடது பக்கம்தான் உட்காருவார். பின்னால் அவர் மனைவி குமுதவல்லி மாமி.

"உன் பக்கம் ஊட்டி, என் பக்கம் வேலூர். இது என்ன கணக்கு ரஹ்மான்?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டார்.

"நான் ஒண்ணும் திருப்பலை சார்."

"நீ திருப்பலைன்னா அதுவா உன்னைப் பார்த்துத் திரும்பிக்கறதா? மத்தியானம் பாண்டி பஜார்ல நாங்க கடைக்குள்ள போனா, நீ ஏ.சி. போட்டுண்டு, அந்தப் பக்கம் காலை நீட்டித் தூங்கியிருப்பே. எதையோ உதைச்சிருக்கே."

பாய் காரில் தூங்கமாட்டார். மரத்தடியில் நின்றுகொண்டே தூங்குவார். அதை அவர் சொல்லவில்லை.

மாமி மட்டும் வேறு மாதிரி. "அனலா வந்தாலும் சன்னதி வாசனைன்னா வரது! இந்த வாசனைக்கு இன்னும் நாலு நாள் வேகலாம்" என்றார். மாமா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஏ.சி.யே தேவைப்படவில்லை.

நந்தனத்தில் ஒரு சந்துக்குள் ஏ.சி. பார்க்கிற இனாயத்திடம் வண்டி போனது. "கேஸ் கம்மி பாய். ரொப்பிட்டா ஃப்ரிட்ஜ் மாரி ஆயிடும்" என்றார். ரொப்பினார். வலது பக்கம் இன்னும் கொஞ்சம் ஜில்லென்று ஆனது. மாமாவுக்கு அது எரிகிற தீயில் எண்ணெய். இரண்டாம் முறை போனபோது, "கம்ப்ரசரை எறக்கணும். அதுக்கு ஒரு வாரம் வண்டி இங்கியே கெடக்கணும்" என்றார் இனாயத்.

அன்று புதன்கிழமை. கேட்டருகே நின்று மாமா தீர்ப்புச் சொன்னார். "வண்டியை எங்கேயும் போடவேண்டாம். நாளைக்குள்ள இது சரியாகலைன்னா, வெள்ளிக்கிழமை சாவியைக் குடுத்துடு. வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

பாய்க்கு வேறு வீடு கிடைக்காது என்றில்லை. ஆனால் இந்த வீட்டில், வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்குச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுத் தொழுகைக்குப் போனால், எங்கே என்று பதினோரு வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை. அதற்கு முன்பு அவர் ஓட்டிய மூன்று வீடுகளிலும் அதைக் கேட்டுத்தான் வேலை போயிற்று.

வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு பாய் எங்கள் இஸ்திரி வண்டிக்கு வந்து, கரி நெருப்பில் ஓர் ஊதுபத்தியைப் பற்றவைத்துக்கொண்டார்.

"காருக்குப் பூஜையா பாய்?" என்றேன்.

"வந்து பாருடா."

கண்ணாடிகளை ஏற்றி, ஏ.சி.யைப் போட்டு, ஊதுபத்தியை வலது பக்கம் காற்று வருகிற ஓட்டை முன்னால் பிடித்தார். புகை பிய்த்துக்கொண்டு பறந்தது. இடது பக்கம் கொண்டுபோனார். புகை நேராக, பக்தியோடு, மேலே எழும்பியது.

"பாத்தியா? கேஸ் போயிருந்தா ரெண்டு பக்கமும் குளிராது. இங்கே குளிர் கீது, வழிதான் இல்லை. எதுவோ அடைச்சிக்கினு கீது."

முன்பலகையில் இடது பக்கம் சாமான் வைக்கிற சின்ன அறையைக் கழற்றி, உள்ளே போகிற குழாயை உருவினார். கையை விட்டு இழுத்தார். வந்தது ஒரு குருவிக்கூடு அளவு காய்ந்த துளசி. கூடவே மல்லிச் சருகு, வாழை நார். சன்னதி வாசனை குப்பென்று அடித்தது.

பாய் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முன்பலகை மேல் ஒரு சின்னப் பெருமாள் இருந்தார். தினமும் காலையில் மாமி கொடுக்கிற துளசியையும் பூவையும் கை கழுவிவிட்டு அவருக்குச் சாத்துவது பாய்தான். 'பழைய பூ கால் படற இடத்துல விழப்படாது' என்று மாமி முதல் நாளே சொல்லியிருந்தார். அதனால் பாய் அதைக் குப்பையில் போடமாட்டார். சனிக்கிழமை கோயில் குளத்தில் சேர்க்கலாமென்று கண்ணாடி ஓரத்தில் ஒதுக்கி வைப்பார். அந்த ஓரத்தில்தான், ஆவி படிந்தால் கண்ணாடிக்குக் காற்று வருகிற நீள வெட்டு இருக்கிறது. ஒதுக்கியதில் பாதி குளத்துக்குப் போயிருக்கிறது, பாதி உள்ளே போயிருக்கிறது.

துளசிக்கு நடுவே கடலைத் தோலும், கப்பல் மாதிரி மடித்த ஒரு பஸ் டிக்கெட்டும் இருந்தன. அந்த வெட்டுக்குள் போட்டால் எங்கே போகும் என்று பார்க்க ஒருநாள் நான் விட்ட கப்பல்தான். அப்பாவின் பெட்டிக்குக் கரி போட வேண்டியது எனக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. ஆனாலும் போகவில்லை.

"எலி கூடு கட்டிருச்சின்னு சொல்லிடு பாய்" என்றேன்.

"அது வாயில்லாப் பூச்சி. அது மேல ஏண்டா பழி?"

டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்தார். பூவை மட்டும் கர்சீப்பில் முடிந்துகொண்டு வாசலில் போய் நின்றார்.

"சார், தப்பு என்னுதுதான். நான் ஒதுக்கி வெச்ச பூ உள்ளே போயிருச்சி." முடிச்சை அவிழ்த்துக் காட்டினார்.

மாமா பார்த்தார். "இதுக்கா என்னை ஒரு மாசம் வேகவச்சே?"

"பெருமாள் பூவை மிதிபடாம காப்பாத்தியிருக்கார் அந்த மனுஷர். நம்மாத்துல யாருக்கு அந்தக் கவலை இருந்தது?" என்றார் மாமி. சருகை முந்தானையில் வாங்கிக்கொண்டார்.

மாமா காரில் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். பாய் ஏ.சி.யைப் போட்டார். ஓட்டைக்கு நேரே முகத்தை வைத்துக் கண்ணை மூடினார் மாமா. மிச்சமிருந்த துளசித் தூள் பறந்து அவர் மூக்கில் ஒட்டியது. தட்டிவிடவில்லை.

"நாளைக்கு வடபழனியில ஒரு நிச்சயதார்த்தம். நீ தொழுகை முடிஞ்சு ரெண்டு மணிக்குள்ள வந்துடு. லேட் பண்ணாதே" என்றார்.

மறுநாள் காலை மாமி பூவோடு ஒரு காலி காப்பிப்பொடி டப்பாவையும் கொடுத்தார், பழைய பூவுக்கு. பன்னிரண்டரைக்குச் சாவி ஆணியில் தொங்கியது. போகிற வழியில் பாய் எங்கள் வண்டியருகே நின்றார். மடித்து அடுக்கிய சட்டைகள் மேல் அந்தக் கப்பலை வைத்தார்.

"உன் டிக்கெட்டு நைனா. செக்கிங் வந்தா காட்டணும்ல."